அளவையும் ஆம்பியரும்: பழைய டீசல் லாரியின் மின்பழுதையும் சூடேற்றி ஒயரிங்கையும் தேடும் முறை

தமிழில் 'அளவை' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. படி, மரக்கால், கஜம் கொண்டு அளப்பது ஒன்று. ஒரு செய்தி உண்மைதான் என்று துணிவதற்குத் தருக்க நூலார் காட்டும் பிரமாணம் மற்றொன்று. மணிமேகலையில் சமயவாதிகள் தத்தம் அளவைகளை எடுத்துரைப்பது இந்த இரண்டாம் பொருளில்தான். தராசு பிடிக்கிற தொழிலில் நாற்பது வருஷம் கழித்த எனக்கு முதல் பொருள் பழக்கம். ஓய்வு நேரத்தில் படித்த சமண நூல்களால் இரண்டாம் பொருளும் கொஞ்சம் பழக்கம். இரண்டும் ஒரே இடத்தில் சந்திப்பதை நான் பார்த்தது ஏட்டில் அல்ல, லாரியின் பானெட்டுக்குள்ளே.

நம் சங்கத்து அன்பர்களில் சரக்கு அனுப்புகிறவர்கள், ஒன்றிரண்டு வண்டி சொந்தமாக ஓட்டுகிறவர்கள் பலர். நாமக்கல், சங்ககிரி லாரிகள் ஆப்பிள் ஏற்ற இமாசலத்துக்கும் காஷ்மீருக்கும் வருவது எல்லாருக்கும் தெரியும். சமவெளியில் ஒரு நாளும் மக்கர் பண்ணாத வண்டி, மலை ஏறிய முதல் குளிர் ராத்திரியில் படுத்துவிடும். அப்புறம் என்ன நடக்கும்? டாங்குக்கும் ஆயில் சம்ப்புக்கும் அடியில் துணியைக் கொளுத்துவார்கள். ஏர் ஃபில்டர் வாயில் ஈதர் அடிப்பார்கள். இதில் கை வெந்தவர்கள் உண்டு, வண்டியே எரிந்து போனதும் உண்டு. பிழைத்து ஒர்க்‌ஷாப் வந்து சேர்ந்தால் பேட்டரி மாற்று, ஸெல்ஃப் மாற்று, ஆல்டர்னேட்டர் மாற்று என்று ஒவ்வொன்றாகச் செலவு ஏறும். மாதத் தவணை கட்டுகிற சின்ன முதலாளிக்கு இது தாங்காது. பல சமயம் பழுது பத்து ரூபாய் பெறாத ஒரு லக்கில் இருக்கும். அதை அளந்து கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டீசலுக்கு ஏன் சூடு வேண்டும்?

பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் தீ மூட்டுகிறது. டீசல் எஞ்சினில் அது கிடையாது. காற்றைச் சுமார் பதினேழில் ஒரு பங்காக அமுக்கினால் அது பழுக்கக் காய்ந்துவிடும். அந்தச் சூட்டில் டீசலைப் பீச்சினால் தானே பற்றிக்கொள்ளும். உள்ளே வரும் காற்றே உறைகுளிராக இருந்தால் அமுக்கிய பிறகும் போதிய சூடு வராது. இரும்புச் சுவரும் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். ஆயில் இறுகிப்போனதால் ஸெல்ஃப் மெதுவாகச் சுற்றும். மெதுவாக அமுக்கினால் காற்று கசியும், சூடும் குறையும். இதே நேரத்தில் பேட்டரியின் பலமும் சரிகிறது. நம் ஊர் வெயிலில் முழுப் பலம் தரும் பேட்டரி, 0 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் தரும். தேவை கூடும் நேரத்தில் வரவு குறைகிறது. வியாபாரிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

உயரமும் சேர்ந்துகொள்ளும். மணாலி–லே சாலையில் பாரலாச்சா கணவாய் ஏறத்தாழ 4,900 மீட்டர். அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அமுக்குவதற்கே காற்று குறைவு.

மூன்று வகைச் சூடேற்றிகள்

பழைய வண்டிகளில் இந்தக் குறையைத் தீர்க்க மூன்று வழி வைத்திருந்தார்கள். முதலாவது குளோ பிளக். சிலிண்டர் தலையில் தனி அறையில் எரியும் எஞ்சின்களுக்கு இது ஏற்றது. டீசல் அம்பாசடரில் பார்த்திருப்பீர்கள். இரண்டாவது, மேனிஃபோல்டுக்குள் சிறு சுடர் மூட்டும் வகை. ஒரு சுருள் பழுக்கும், அதன்மேல் கொஞ்சம் டீசல் சொட்டி எரியும், அந்தச் சுடர் காற்றைச் சூடாக்கும். பெர்கின்ஸ் வகை எஞ்சின்களில் வந்த தெர்மோஸ்டார்ட் இந்த ரகம். மூன்றாவது கிரிட் ஹீட்டர். காற்று நுழையும் வாயிலேயே தட்டையான மின்சுருளை வைத்துவிடுவது. ரொட்டி சுடும் டோஸ்டரை நினைத்துக்கொண்டால் போதும்.

மூன்றாம் வகைக்கு நல்ல உதாரணம் கம்மின்ஸ் பி வரிசையின் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின். அமெரிக்காவில் 1989 மாடல் முதல் டாட்ஜ் ராம் பிக்கப் வண்டிகளில் இது வந்தது. அதே குடும்பத்து எஞ்சின்களை நம் நாட்டில் செய்வதற்காக டாடாவும் கம்மின்ஸும் 1993-ல் கூட்டுக் கம்பெனி தொடங்கி, ஜம்ஷெட்பூரில் ஆலை வைத்தன. சமவெளிக்கு விற்ற வண்டிகளுக்கு ஹீட்டர் அவசியப்படவில்லை. அது குளிர்ப் பிரதேசத்துக்கான ஏற்பாடு. அமெரிக்க ராம் வண்டியின் அமைப்பையே இங்கே மாதிரியாக எடுத்துக்கொள்கிறேன். எல்லா வண்டிக்கும் தேடும் முறை ஒன்றுதான்.

கரண்ட் போகும் பாதை

ஹீட்டருக்கு இரண்டு சுற்று உண்டு. ஒன்று உத்தரவு போடும் சுற்று, மற்றது வேலை செய்யும் சுற்று. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

உத்தரவுச் சுற்றில் சாவி, மேனிஃபோல்டில் காற்றின் சூட்டைப் பார்க்கும் சென்ஸார், ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, அங்கிருந்து ரிலேக்கு வரும் மெல்லிய ஒயர்கள், டாஷ்போர்டில் 'பொறு' என்று சொல்லும் விளக்கு இவ்வளவும் அடக்கம். மேனிஃபோல்டு சூடு ஏறத்தாழ 15 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் பெட்டி உத்தரவே போடாது. அதற்குக் கீழே போகப் போகச் சூடேற்றும் நேரத்தைக் கூட்டும். கடுங்குளிரில் அரை நிமிஷம் வரை போகும். வண்டி ஸ்டார்ட் ஆன பிறகும் கொஞ்ச நேரம் ஹீட்டரை விட்டு விட்டுப் போடும். குளிர்ந்த எஞ்சின் புகை கக்காமல் நிதானமாக ஓட அது உதவும்.

வேலைச் சுற்றில் பேட்டரி பாசிட்டிவ், ஃப்யூசிபிள் லிங்க், ரிலேயின் பெரிய டெர்மினல்கள், தடித்த கேபிள், மேனிஃபோல்டு மேல் உள்ள ஹீட்டர் ஸ்டட், கிரிட், எஞ்சின் உடம்பு, எர்த் கேபிள், பேட்டரி நெகட்டிவ் என்று வரிசையாக வரும். ராம் வண்டியில் இரண்டு கிரிட், இரண்டு ரிலே. 12 வோல்ட்டில் ஒவ்வொரு கிரிட்டும் 90 முதல் 100 ஆம்பியர் வரை இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் 200 ஆம்பியர் பக்கம். அதாவது 2,400 வாட். வீட்டு இஸ்திரிப் பெட்டி இரண்டைச் சேர்த்துப் போட்டதற்கும் மேல். இந்தச் சுமையை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாம் இதைப் பொறுத்தது.

இங்கே ஒரு முக்கிய விஷயம். டாஷ்போர்டு விளக்கு எரிவது உத்தரவுச் சுற்றின் சாட்சி மட்டுமே. பெட்டி உத்தரவு போட்டது என்று அது சொல்லும். ஹீட்டருக்குக் கரண்ட் போனது என்று சொல்லாது. "லைட்டு எரியுதுங்க, ஹீட்டர் நல்லாத்தான் இருக்குது" என்று டிரைவர் சொன்னால் நம்பிவிடக் கூடாது. தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாதி புலன் வழி வரும் அறிவை நேரடி அறிவில் சேர்க்காமல் மறைமுக அறிவில் சேர்த்திருக்கிறார். கண்ணால் கண்டதே மறைமுகம் என்றால் விளக்கின் சாட்சியம் எந்த மூலைக்கு?

புகையும் நெருப்பும்

மலையில் புகை கண்டால் அங்கே நெருப்பு உண்டு என்பது தருக்கப் பாடத்தின் முதல் உதாரணம். குளிர்ந்த டீசல் வண்டியில் இது தலைகீழ். ஸெல்ஃப் அடிக்கும்போது சைலன்ஸரில் வெள்ளைப் புகை வந்தால் உள்ளே நெருப்பு இல்லை என்று அர்த்தம். டீசல் போகிறது, ஆவியாகிறது, பற்றாமலே வெளியே வருகிறது. கண்ணைக் கரிக்கும் நெடி இருக்கும்.

ஸ்பானரை எடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று, எஞ்சின் சுறுசுறுப்பாகச் சுற்றுகிறதா? மந்தமாகச் சுற்றினால் பேட்டரி, கேபிள், எர்த், ஸெல்ஃப் பக்கம் பாருங்கள். ஹீட்டரை அப்புறம் பார்க்கலாம்.

இரண்டு, நன்றாகச் சுற்றியும் புகையே இல்லையா? அப்படியானால் டீசல் போகவில்லை. பம்பில் உள்ள ஸ்டாப் சொலினாய்டுக்குக் கரண்ட் வருகிறதா, கேபிள் வகை என்றால் ஸ்டாப் கேபிள் முழுக்கத் திரும்புகிறதா என்று பாருங்கள். டீசலே மெழுகாக உறைந்து ஃபில்டரை அடைத்திருக்கலாம். அதற்கு மின்சார வைத்தியம் உதவாது. லடாக் பகுதிக்கென்று -33 டிகிரியிலும் உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் கொண்டு வந்தது இதற்காகத்தான்.

மூன்று, நன்றாகச் சுற்றுகிறது, வெள்ளைப் புகையும் வருகிறது, ஆனால் பிடிக்கவில்லையா? சூடு போதவில்லை. ஹீட்டர் சுற்றைத் தேட வேண்டிய கேஸ் இதுதான். வெயில் ஏறிய பிறகு அதே வண்டி தொட்டவுடன் ஸ்டார்ட் ஆனால் சந்தேகம் இன்னும் உறுதிப்படும். வெயில் நாளிலும் இப்படியே புகைந்தால் கம்ப்ரஷன், பம்ப் டைமிங், இன்ஜெக்டர் பக்கம் போக வேண்டும்.

காண்டல், கருதல், உரை என்று அளவை மூன்று. புகையைப் பார்த்து முடிவுக்கு வருவது கருதல். எந்தப் பக்கம் தேடணும் என்பதை அது சொல்லும். எந்தப் பொருளை மாற்றணும் என்பதைச் சொல்லாது. அதற்கு மீட்டர் வேண்டும்.

முதலில் பேட்டரி

வண்டியை நிறுத்தி ஒரு ராத்திரி விட்டு, காலையில் எதையும் போடாமல் அளக்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரியில் 12.6-க்கு மேல் இருந்தால் முழுச் சார்ஜ். 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால் பங்கு. அதற்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். ஹைட்ரோமீட்டர் இருந்தால் ஒவ்வொரு செல்லையும் பாருங்கள். ஆறில் ஒரு செல் மட்டும் வெகுவாக இறங்கியிருந்தால் அந்தப் பேட்டரியைச் சார்ஜ் போட்டுப் பிரயோஜனமில்லை. காலியான பேட்டரிக்குள் இருப்பது ஏறக்குறைய தண்ணீர்தான். -7, -8 டிகிரியிலேயே உறைந்து டப்பா வெடித்துவிடும். முழுச் சார்ஜில் உள்ளது -50 டிகிரியிலும் உறையாது. லேவுக்குப் போகும் வண்டிக்கு இது சின்ன விஷயமில்லை.

இரண்டு பேட்டரி இருப்பதால் மட்டும் 24 வோல்ட் என்று எண்ணிவிடாதீர்கள். ஒன்றின் பாசிட்டிவ் மற்றதன் நெகட்டிவோடு சேர்ந்திருந்தால் 24 வோல்ட். பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ் சேர்ந்திருந்தால் 12 வோல்ட், பலம் மட்டும் இரட்டிப்பு. ராம் வண்டி இந்த இரண்டாம் ரகம். அதில் ஒரு பேட்டரி கெட்டால் அது நல்லதையும் சேர்த்து இழுத்துவிடும். ஆகவே இரண்டையும் பிரித்துத் தனித்தனியே அளக்க வேண்டும். 24 வோல்ட் வண்டியில் பாட்டுப் பெட்டிக்காக ஒரே ஒரு பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுக்கிற வழக்கம் நம் டிரைவர்களிடம் உண்டு. அந்தப் பேட்டரி எப்போதும் பாதிப் பட்டினி. அடுத்தது சார்ஜ் மிஞ்சிக் கொதிக்கும். ஆறு மாதத்தில் இரண்டும் போச்சு.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.4 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் சரி. 24 வோல்ட் வண்டிக்கு இதன் இரு மடங்கு.

பளு ஏற்றி அள

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

பெரும்பாலான ஒர்க்‌ஷாப்பில் டெஸ்ட் லைட்டைத் தொட்டுப் பார்ப்பார்கள். விளக்கு எரிந்தால் "கரண்ட் வருது" என்று தீர்ப்பு. டெஸ்ட் லைட் இழுப்பது அரை ஆம்பியரோ அதற்கும் குறைவோ. ஹீட்டர் இழுப்பது 200. நூறு இழை உள்ள கேபிளில் தொண்ணூற்றொன்பது அறுந்து ஒன்று மிச்சம் இருந்தாலும் டெஸ்ட் லைட் பளிச்சென்று எரியும். சைக்கிள் போகிறது என்பதால் பாலம் லாரியைத் தாங்கும் என்று யாராவது சொல்வார்களா?

ஓம் மீட்டரும் கைவிடும். கணக்குப் பாருங்கள். ஒரு லக்கில் துரு ஏறி 0.01 ஓம் தடை வந்துவிட்டது என்று வைப்போம். அதில் 100 ஆம்பியர் போனால் 1 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். 100 வாட் சூடு அந்த லக்கிலேயே உண்டாகும். லக்கு கறுத்து, ஒயர் தோல் உருகுவது இதனால்தான். சாதாரண மல்டிமீட்டரின் கம்பிகளுக்கே 0.2 ஓம், 0.3 ஓம் தடை உண்டு. மூட்டை தூக்கும் தராசில் குந்துமணி நிறுக்க முடியாது. ஆனால் அந்த 1 வோல்ட் இழப்பை நூறு ரூபாய் மீட்டர்கூடக் காட்டிவிடும். ஒரே நிபந்தனை, ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும்.

சியாத்வாதம் என்று எங்கள் சமயத்தில் ஒரு கொள்கை உண்டு. ஒரு நோக்கில் உண்டு, இன்னொரு நோக்கில் இல்லை. எந்த நோக்கில் சொல்கிறோம் என்று சேர்த்துச் சொல்லாதவரை வாக்கியம் முழுமை அடையாது. "ஸ்டட்டில் 12 வோல்ட் உண்டு" என்பதும் அப்படிப்பட்ட அரை வாக்கியம். பளு இல்லாதபோது உண்டு, பளு ஏறியதும் இல்லை. இரண்டும் மெய்யே. வண்டியை ஸ்டார்ட் செய்வது இரண்டாவது மெய்.

படிப்படியாகத் தேடுவது

பேட்டரி சரி என்றால் ஹீட்டரை ஓட வைக்க வேண்டும். குளிர் காலையில் சாவி போட்டாலே ஓடும். வெயில் காலத்தில் உத்தரவு வராது என்று முன்னே சொன்னேன். அப்போது ரிலேயின் சின்ன டெர்மினல்களில் உள்ள கட்டுப்பாட்டு ஒயர்களைக் கழற்றிவிட்டு, ஒன்றுக்குப் பேட்டரி பாசிட்டிவும் மற்றதற்கு எர்த்தும் தனி ஒயரால் கொடுங்கள். பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். எஞ்சின் நிற்கும்போது காற்றோட்டம் இல்லை, கிரிட் பழுத்துவிடும்.

முதல் படி, சத்தம். ரிலே 'டக்' என்று அடிக்கணும். சாவியில் அடிக்காமல் தனி ஒயரில் அடித்தால் கோளாறு உத்தரவுச் சுற்றில்: ஃப்யூஸ், சென்ஸார், பெட்டி, அல்லது மெல்லிய ஒயர். எதிலும் அடிக்காவிட்டால் ரிலே காயில் போச்சு.

இரண்டாம் படி, ரிலே. அதன் இரண்டு பெரிய டெர்மினல்களுக்கும் குறுக்கே மீட்டரை வையுங்கள். ஓடாதபோது முழு 12 வோல்ட் காட்டும். ஓடும்போது 0.2-க்குக் கீழே இறங்கணும். 'டக்' என்று அடித்தும் அரை வோல்ட்டுக்கு மேல் நின்றால் உள்ளே காண்டாக்ட் கரிந்துவிட்டது. சத்தத்தை நம்பினால் இதைக் கோட்டை விடுவோம்.

மூன்றாம் படி, பாசிட்டிவ் பாதை. மீட்டரின் ஒரு கம்பி பேட்டரியின் ஈயக் கம்பத்தின்மேல், கிளாம்ப்மேல் அல்ல. மற்றது ஹீட்டர் ஸ்டட்மேல். ஓடும்போது மொத்தமும் அரை வோல்ட்டுக்குள் இருக்கணும். அதிகமாக இருந்தால் ஒரு கம்பியை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்தி வாருங்கள். எந்த இணைப்பைத் தாண்டும்போது எண் குதிக்கிறதோ அதுதான் குற்றவாளி. ஒரு நல்ல இணைப்பில் 0.1-க்கு மேல் போகக் கூடாது. முழு 12 வோல்ட்டும் காட்டினால் பாதை அறுந்திருக்கிறது. ஃப்யூசிபிள் லிங்கைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். ரப்பர் மாதிரி நீண்டால் உள்ளே கம்பி எரிந்து தோல் மட்டும் மிச்சம்.

நான்காம் படி, எர்த் பாதை. ஒரு கம்பி எஞ்சின் உடம்பில், சுரண்டிய இரும்பின்மேல். மற்றது பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில். ஓடும்போது 0.2-க்குள் இருக்கணும்.

ஐந்தாம் படி, கிரிட். கிளாம்ப் மீட்டர் இருந்தால் தடித்த கேபிளைச் சுற்றிப் பிடியுங்கள். ஒவ்வொரு கிரிட்டுக்கும் 90 ஆம்பியர் பக்கம் காட்டணும். மீட்டர் டீசி அளக்கும் ரகமாக இருக்க வேண்டும். வீட்டு எலெக்ட்ரீஷியனின் ஏசி கிளாம்ப் இங்கே சும்மா சைபர் காட்டும். ரிலே சரி, ஸ்டட்டில் முழு வோல்ட், ஆனால் ஆம்பியர் இல்லை, எஞ்சின் உடம்பிலும் வோல்ட் ஏறவில்லை என்றால் கிரிட்தான் அறுந்திருக்கிறது.

ஆறாம் படியைப் பலர் மறந்துவிடுவார்கள். சாவியை எடுத்த பிறகு ஸ்டட்டில் அளந்து பாருங்கள். சைபர் இருக்கணும். 12 வோல்ட் இருந்தால் ரிலே ஒட்டிக்கொண்டது. ஹீட்டர் நிற்காமல் எரிந்து பேட்டரியைக் குடிப்பதோடு வண்டிக்கே தீ வைக்கக்கூடியது இது. உடனே எர்த்தைக் கழற்றுங்கள். இப்படி ஒட்டுவதற்கு ஒரு பொதுக் காரணம், தொடர்ந்து ஓடும் ரக ரிலேக்குப் பதில் ஸெல்ஃபுக்கான சொலினாய்டை மாட்டுவது. பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. ஆனால் ஸெல்ஃப் சொலினாய்டு சில விநாடிக்கு மட்டும் செய்தது. கடைக்காரரிடம் கேட்டு வாங்கணும்.

எர்த் என்னும் மறந்த பாதி

போகிற கரண்ட் திரும்பி வந்தால்தான் சுற்று. எஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. எஞ்சினுக்கும் சேஸிக்கும் நடுவே உள்ள பின்னல் எர்த் பட்டைதான் வழி. அது இற்றுப்போனால் கரண்ட் கிடைத்த குறுக்கு வழியில் போகும்: ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஸ்டாப் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள் என்று. ஸெல்ஃப் அடிக்கும்போது ஆக்ஸிலரேட்டர் கேபிள் சுட்டால் எர்த் பட்டை போய்விட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

எங்கள் சரக்கோடு குல்லு போன நாமக்கல் வண்டி ஒன்றுக்கு ஒரு குளிர்காலத்தில் இரண்டு பேட்டரியும் ஒரு ஸெல்ஃபும் மாற்றியிருந்தார்கள். திரும்பி வந்தபோது டிரைவர், "ஐயா, எல்லாம் புதுசுங்க, ஆனா காத்தால மட்டும் முனகுதுங்க" என்றார். ஸெல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளந்தோம். 2 வோல்ட்டுக்கு மேல் இருந்தது. சேஸியில் எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயிண்டும் துருவும். சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவியதோடு முனகல் நின்றது. மாற்றியது எல்லாம் தண்டம்.

பழுது போலத் தோன்றும் பழுதில்லாதவை

குளிர் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆனதும் வோல்ட் மீட்டர் முள் கீழே விழுந்து எழும், ஹெட்லைட் மங்கி மங்கி எரியும். "டைனமோ போயிருச்சுங்க" என்பார்கள். ஆல்டர்னேட்டரின் சக்தி 120 ஆம்பியர் என்றால் ஹீட்டர் 200 இழுக்கும்போது மிச்சத்தைப் பேட்டரிதான் கொடுக்கணும். முள் விழத்தான் செய்யும். எஞ்சின் சூடேறியதும் நின்றுவிட்டால் அது இயல்பு, ஆல்டர்னேட்டரைக் கழற்றாதீர்கள். சூடான பிறகும் ஆடினால் தேடுங்கள்.

ஒயரின் தோலுக்குள்ளே ஈரம் ஏறிச் செம்பு பச்சை பூத்திருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. முனையில் சீவிப் பார்த்துக் கம்பி கறுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் நல்ல செம்பு வரும்வரை வெட்டிவிட்டுப் புது லக்கு அமுக்க வேண்டும். அந்த லக்கும் கேபிளின் தடிமனுக்கு ஏற்றதாக இருக்கணும். டேப் சுற்றி முறுக்கிய இணைப்பு விளக்குக்குத் தாங்கும், ஹீட்டருக்குத் தாங்காது.

செய்யக் கூடாதவை

கிரிட் ஹீட்டரோ குளோ பிளக்கோ உள்ள வண்டியில் ஈதர் அடிக்கவே கூடாது. பழுத்த கம்பியில் ஈதர் ஆவி பட்டால் மேனிஃபோல்டே வெடிக்கும். ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று நம்பி அடிப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து; விட்டு விட்டு வேலை செய்யும் ரிலே எந்த நொடியில் பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? டாங்குக்கு அடியில் நெருப்பு வைப்பதையும் கை விடுங்கள். பேட்டரியைக் கழற்றும்போது எர்த்தை முதலில் கழற்றி, மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள். சார்ஜ் ஏறும் பேட்டரி பக்கத்தில் பீடி வேண்டாம். வெளிவரும் வாயு வெடிக்கக்கூடியது. மோதிரம், கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள். ஃப்யூசிபிள் லிங்க் எரிந்தால் அதன் இடத்தில் சாதா ஒயரை முறுக்கி விடாதீர்கள். வண்டியைக் காக்கத் தான் எரிந்த காவல்காரன் அது.

2020 ஏப்ரல் முதல் விற்கும் பி.எஸ். 6 லாரிகளில் கம்ப்யூட்டரே கோளாறின் எண்ணைச் சொல்லும். அந்த எண்ணும் ஓர் உரை அளவைதான். எந்தப் பக்கம் கோளாறு என்று சொல்லும், எந்த லக்கு என்று சொல்லாது. பழைய வண்டி எண்கூடச் சொல்லாது. ஆனால் அதன் சுற்று முழுவதும் கண்ணுக்கு முன்னே இருக்கிறது. ஒரு மீட்டரும் ஒரு மணி நேரமும் பொறுமையும் இருந்தால் யாரும் தேடலாம். மலைக்கு வண்டி அனுப்பும் அன்பர்கள் புரட்டாசி, ஐப்பசியிலேயே, ஹீட்டர் தேவைப்படும் முன்பே, மேலே சொன்ன ஆறு படியையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஒரு நல்ல மீட்டரை டிரைவர் கையில் கொடுத்து, அளக்கவும் கற்றுக் கொடுங்கள். கணவாயில் இரவு நேரத்தில் அவருக்குத் துணை அதுதான். அளக்காமல் எதையும் விற்பதில்லை என்பது நம் கடைகளின் மானம். அளக்காமல் எதையும் மாற்றுவதில்லை என்பதை நம் வண்டிகளின் வழக்கமாகவும் ஆக்கிக்கொள்வோம்.